ஃபில்டர் விழுங்கிய மெயிலைத் தேடி எடுப்பது எப்படி: சேலத்துக் கடை, பட்டறை, தங்கும் விடுதிக்காரர்களுக்கு

"நேத்தே மெயில் போட்டுட்டேங்க" என்கிறார் ஆர்டர் கொடுத்த கோயம்புத்தூர்க்காரர். "ஒண்ணும் வரலையேங்க" என்கிறார் செவ்வாய்பேட்டை வெள்ளிப் பட்டறைக்காரர். இரண்டு பேர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். மெயில் வந்து சேர்ந்திருக்கும். வந்த நொடியிலேயே ஏதோ ஒரு ஃபில்டர் (வரும் மெயிலைத் தானாகப் பிரிக்கும் விதி) அதைத் தூக்கி வேறு இடத்தில் போட்டிருக்கும், அல்லது அழித்தே இருக்கும். அந்த ஃபில்டரைப் போட்டது நீங்களாக இருக்கலாம். போன வருடம் வேலையை விட்டுப் போன பையனாகவும் இருக்கலாம்.

ஜவ்வரிசி ஆலையில் சல்லடை போட்டால் மேலே நின்றதும் கீழே விழுந்ததும் கண்ணெதிரே கிடக்கும். மெயில் ஃபில்டரில் கீழே விழுந்தது கண்ணில் படாது. தப்பு நடப்பதே தெரியாமல் மாதக்கணக்கில் ஓடுவதற்குக் காரணம் இதுதான்.

கீழே வரும் மெனுப் பெயர்கள் எல்லாம் உங்கள் திரையில் ஆங்கிலத்தில் இருப்பவை. படிக்க வசதியாகத் தமிழ் எழுத்தில் கொடுத்திருக்கிறோம். கம்ப்யூட்டர் பிரவுசரில் உட்கார்ந்து செய்யவும். ஜிமெயிலின் செல்போன் ஆப்பில் ஃபில்டரைப் பார்க்கவும் முடியாது, மாற்றவும் முடியாது.

கைவைப்பதற்கு முன் மூன்று கேள்வி

அனுப்பியவரைப் போனில் கூப்பிட்டு மூன்று விஷயம் கேளுங்கள். எந்த முகவரிக்கு அனுப்பினார்? எழுத்து எழுத்தாகச் சொல்லச் சொல்லுங்கள். 'பழைய மெயில் ஐடிக்குத்தாங்க போட்டேன்' என்று பாதிப் பேர் சொல்வார்கள், வேலை அங்கேயே முடிந்துவிடும். அடுத்து, என்ன தேதி, எத்தனை மணி, தலைப்பு என்ன? மூன்றாவதுதான் முக்கியம்: போகவில்லை என்று திரும்பி ஏதாவது மெயில் வந்ததா?

திரும்பி வந்திருந்தால் உங்கள் பெட்டியில் இருக்கும் ஃபில்டரைச் சந்தேகப்படுவது கடைசி வேலை. முகவரி தப்பாக இருக்கும், அல்லது பெட்டி நிரம்பியிருக்கும். இலவச ஜிமெயிலில் 15 ஜிபி இடம் டிரைவுக்கும் போட்டோஸுக்கும் சேர்த்துத்தான். கடை போட்டோக்களையும் வீடியோக்களையும் அதிலேயே ஏற்றி நிரப்பிவிட்டால் புது மெயில் உள்ளே வராது. திரும்பி வரவில்லை, ஆனால் உங்களிடமும் இல்லை என்றால் சர்வர் அதை வாங்கிக்கொண்டுவிட்டது என்று பொருள். இனி உள்ளே தேட வேண்டும்.

தேடுவதில் அவசரம் உண்டு. ஜிமெயிலில் ஸ்பாமுக்கும் ட்ராஷுக்கும் போன மெயில் 30 நாளில் தானாக அழியும். 'வார லீவில் பார்த்துக்கலாம்' என்று தள்ளுகிற ஒவ்வொரு நாளும் கடைசியில் இருக்கும் ஒரு நாள் மெயில் போய்க்கொண்டே இருக்கும்.

ஜிமெயிலில் தேடும் முறை

தேடல் பெட்டியின் வலது ஓரத்தில் இருக்கும் சிறிய பட்டனை அழுத்தினால் ஒரு படிவம் திறக்கும். அதன் அடியில் 'சர்ச்' என்ற வரியில் 'ஆல் மெயில்' என்று இருக்கும். அதை 'மெயில் அண்ட் ஸ்பாம் அண்ட் ட்ராஷ்' என்று மாற்றுங்கள். இதை மாற்றாமல் தேடினால் ஸ்பாமும் ட்ராஷும் தேடலில் சேராது. இருக்கும் மெயிலையே இல்லை என்று முடிவு கட்டிவிடுவீர்கள். 'ஃப்ரம்' பெட்டியில் அனுப்பியவர் முகவரியை மட்டும் போட்டுத் தேடுங்கள். தலைப்பைப் போட வேண்டாம். அவர் நினைவில் இருக்கும் தலைப்பும் உண்மையான தலைப்பும் பெரும்பாலும் ஒன்றாக இருக்காது.

மெயில் கிடைத்தால் அது எங்கே கிடந்தது என்று பாருங்கள். அதுவே காரணத்தைச் சொல்லிவிடும். ப்ரொமோஷன்ஸ், அப்டேட்ஸ் மாதிரி டேபில் இருந்தால் அது ஃபில்டர் வேலை இல்லை, கூகுளே பிரித்து வைத்தது. அந்த மெயிலை இழுத்து ப்ரைமரி டேபில் விட்டால், இனிமேலும் அப்படியே செய்யட்டுமா என்று கேட்கும். ஆம் என்று சொல்லுங்கள். ஸ்பாமில் இருந்தால் 'நாட் ஸ்பாம்' அழுத்துங்கள். பிறகு அந்த முகவரியை யாராவது பிளாக் செய்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். செல்போனில் ஒரே தட்டில் பிளாக் ஆகிவிடும், பிளாக் ஆனவர் அனுப்புவதெல்லாம் ஸ்பாமுக்குத்தான் போகும். இன்பாக்ஸில் இல்லை, ஏதோ ஒரு லேபிளில் (மெயிலுக்கு ஒட்டும் பெயர்ச்சீட்டு) இருக்கிறது, அல்லது லேபிளே இல்லாமல் ஆல் மெயிலில் மட்டும் இருக்கிறது என்றால் 'ஸ்கிப் த இன்பாக்ஸ்' போட்ட ஃபில்டர். ட்ராஷில் இருந்தால் 'டெலீட் இட்' போட்ட ஃபில்டர்.

ஃபில்டர் பட்டியலைப் படிப்பது

பல்சக்கரத்தை அழுத்தி, 'சீ ஆல் செட்டிங்ஸ்', அதில் 'ஃபில்டர்ஸ் அண்ட் பிளாக்டு அட்ரஸஸ்' டேப். எதையும் தொடுவதற்கு முன் எல்லா ஃபில்டரையும் டிக் செய்து 'எக்ஸ்போர்ட்' அழுத்தி ஒரு நகல் எடுத்து வையுங்கள். பின்னால் எது மாறியது என்று பார்க்க உதவும். தவறாக ஒன்றை அழித்தாலும் 'இம்போர்ட்' மூலம் திரும்பக் கொண்டுவரலாம்.

ஒவ்வொரு வரியிலும் இரண்டு பகுதி இருக்கும்: எது பொருந்தினால், என்ன செய்ய வேண்டும். பின்பகுதியை முதலில் படியுங்கள். டெலீட், ஸ்கிப் இன்பாக்ஸ், மார்க் ஆஸ் ரெட், ஃபார்வர்ட் என்று வருபவை மட்டுமே சந்தேகத்துக்கு உரியவை. வெறும் லேபிள், ஸ்டார் போடும் ஃபில்டரால் மெயில் காணாமல் போகாது. ஸ்கிப் இன்பாக்ஸும் மார்க் ஆஸ் ரெடும் ஒன்றாக இருந்தால் அதை டெலீட் மாதிரியே நடத்துங்கள். இன்பாக்ஸிலும் இல்லை, படிக்காத எண்ணிக்கையிலும் சேராது என்றால் அந்த மெயில் இருப்பதை யார் பார்க்கப் போகிறார்கள்?

சந்தேகப்பட்ட ஃபில்டரில் 'எடிட்' அழுத்தினால் படிவம் திறக்கும். அதில் 'சர்ச்' பட்டனைத் தட்டினால் பெட்டியில் இருக்கும் எந்தெந்த மெயில்கள் அந்த விதியில் மாட்டும் என்று காட்டும். நல்ல மெயில்கள் கலந்து வந்தால் குற்றவாளி கிடைத்துவிட்டான். ஜிமெயிலில் ஃபில்டர்களுக்கு வரிசை கிடையாது. ஒரு மெயிலுக்கு மூன்று ஃபில்டர் பொருந்தினால் மூன்றும் வேலை செய்யும். ஆகவே ஒன்றைச் சரிசெய்தவுடன் நிற்காமல் பட்டியலின் கடைசி வரை படியுங்கள்.

அடிக்கடி மாட்டும் ஒரு தவறு: ஒரு தொல்லை மெயிலைத் தடுக்கப் போய் 'ஃப்ரம்' பெட்டியில் முழு முகவரிக்குப் பதில் ஜிமெயில்.காம் என்று மட்டும் போட்டு டெலீட் கொடுத்துவிடுவது. இளம்பிள்ளை சேலைக்காரரின் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் ஜிமெயிலில்தான் இருப்பார்கள். ஃபில்டர் உருவாக்கும்போது 'ஆல்சோ அப்ளை ஃபில்டர் டு மேட்ச்சிங் கான்வர்சேஷன்ஸ்' என்ற கட்டத்தையும் டிக் செய்திருந்தால் பழைய மெயில்களும் சேர்ந்து ட்ராஷுக்குப் போயிருக்கும். ஃபில்டரை அழித்தால் அவை தாமாகத் திரும்பி வராது.

நம் ஊர்ப் பெயரே மாட்டும் பொறி

தள்ளுபடி விளம்பரத் தொல்லை தாங்காமல், தலைப்பில் 'ஸேல்' என்ற ஆங்கிலச் சொல் இருந்தால் அழித்துவிடு என்று விதி போடுகிறவர்கள் நிறைய. எஸ், ஏ, எல், இ. பின்னால் ஒரு எம் சேர்த்தால் சேலம். அவுட்லுக் ரூல்ஸிலும், வெப் ஹோஸ்டிங்குடன் வரும் சிபேனல் மெயிலிலும் 'கன்டெய்ன்ஸ்' என்பது சொல்லைப் பார்ப்பதில்லை, எழுத்துக்கோவையைப் பார்க்கிறது. அதனால் 'சேலம் டெலிவரி' என்று தலைப்பிட்ட ஆர்டரும் போகும், 'ஹோல்ஸேல் ரேட்' என்ற விசாரணையும் போகும், 'ஸேல்ஸ் ஆர்டர்' என்ற இணைப்பு மெயிலும் போகும். விதியைத் தலைப்போடு நிறுத்தாமல் மெயிலின் உள்ளடக்கமான 'பாடி'க்கும் போட்டிருந்தால் இன்னும் மோசம்: அனுப்பியவர் கையெழுத்தில் சேலம் 636001 என்று ஆங்கிலத்தில் இருந்தாலே மெயில் காலி. உள்ளூர்க்காரர் மெயில் வராது, மும்பைக்காரர் மெயில் ஒழுங்காக வரும். இந்த அறிகுறியைப் பார்த்தால் வேறெங்கும் தேட வேண்டாம்.

ஜிமெயில் முழுச் சொல்லாகப் பொருத்திப் பார்ப்பதால் அங்கே சேலம் தப்பிக்கும். ஜிமெயிலில் வருடக்கணக்காக ஒழுங்காக ஓடிய அதே விதியை, சொந்த டொமைன் (மெயில் முகவரியில் அட் குறிக்குப் பின்னால் வரும் பெயர்) வாங்கியவுடன் சிபேனலில் அப்படியே எழுதும்போதுதான் வினை வருகிறது.

சின்னச் சொல் எதுவும் ஆபத்து. விளம்பரத்தைக் குறிக்கும் 'ஆட்' என்ற இரண்டு எழுத்தை, ஏ, டி, 'பாடி'யில் தேடச் சொன்னால் அட்வான்ஸ் மாட்டும், அட்ரஸ் மாட்டும், மதுரை மாட்டும். தமிழ்நாடு என்பதை ஆங்கிலத்தில் எழுதிய எல்லா முகவரியும் மாட்டும். 'அன்சப்ஸ்க்ரைப்' இன்னொன்று. விளம்பரத்தில் மட்டும் வரும் சொல் என்று நினைப்பார்கள். டிக்கெட், ரசீது, கூரியர் தகவல் அனுப்புகிற பல நிறுவனங்களின் மெயில் அடியிலும் அது இருக்கும். எங்கள் தீர்ப்பு: சொல்லை வைத்து அழிக்கும் விதியே வேண்டாம். தொல்லை தருபவரின் முகவரியை வைத்து எழுதுங்கள்.

சிபேனல்: உண்மையாகவே அழியும் இடம்

ஜிமெயிலில் டெலீட் என்றாலும் 30 நாள் கையிருப்பு உண்டு. சிபேனலில் 'டிஸ்கார்டு மெசேஜ்' என்று கொடுத்தால் கையிருப்பு கிடையாது. குப்பைக்கும் போகாது, அனுப்பியவருக்கும் தகவல் போகாது. சர்வர் வாங்கி, அந்த இடத்திலேயே விட்டுவிடும்.

இரண்டு இடத்தைப் பார்க்க வேண்டும். 'ஈமெயில் ஃபில்டர்ஸ்' ஒவ்வொரு பெட்டிக்கும் தனி. 'குளோபல் ஈமெயில் ஃபில்டர்ஸ்' அந்தக் கணக்கில் இருக்கும் எல்லாப் பெட்டிக்கும் பொது. கடை முழுக்க யாருக்கும் மெயில் வரவில்லை என்றால் இரண்டாவதைத் திறங்கள். ஃபில்டர் பட்டியலுக்குக் கீழே 'ஃபில்டர் டெஸ்ட்' பெட்டி உண்டு. காணாமல் போன மெயில் மாதிரி ஒன்றை, ஃப்ரம், டு, சப்ஜெக்ட் வரிகளோடு அதில் ஒட்டிச் சோதித்தால் எந்த விதி பிடிக்கிறது என்று அதுவே சொல்லும். 'டிராக் டெலிவரி' பக்கத்தில் அனுப்பியவர் முகவரியைத் தேடினால் மெயில் சர்வர் வாசல் வரை வந்ததா என்பது தெரியும். அந்தப் பதிவுகள் நிரந்தரம் அல்ல, சில நாளில் கழிந்துவிடும். முதல் நாளே பாருங்கள்.

இங்கே நடக்கும் தவறுகளில் மூன்றை விளக்கியே ஆக வேண்டும்.

ஒன்று, 'ஆர்', 'அண்ட்' குழப்பம். இரண்டு வியாபாரிகளின் மெயில் மட்டும் போதும், மற்றதை ஒதுக்கு என்று நினைத்து இப்படி எழுதுவார்கள்: ஃப்ரம் வரியில் முதலாமவர் பெயர் இல்லை, ஆர், ஃப்ரம் வரியில் இரண்டாமவர் பெயர் இல்லை என்றால் டிஸ்கார்டு. முதலாமவர் மெயில் வருகிறது. அதில் இரண்டாமவர் பெயர் இருக்காது அல்லவா? இரண்டாம் நிபந்தனை உண்மையாகிவிட்டது, மெயில் போய்விட்டது. இரண்டாமவருக்கும் இதே கதி. உலகத்தில் எந்த மெயிலும் இதைத் தாண்டி வராது. 'டஸ் நாட் கன்டெய்ன்' இரண்டு இருந்தால் நடுவில் 'அண்ட்' வர வேண்டும்.

இரண்டு, 'எனி ஹெடர்'. பதில் எழுத முடியாத தானியங்கி மெயில்களைத் தடுக்கிறேன் என்று எனி ஹெடரில் 'ரிப்ளை' இருந்தால் டிஸ்கார்டு என்று போடுவார்கள். மெயிலின் மறைவான தலைப்பு வரிகளில் 'ரிப்ளை-டு', 'இன்-ரிப்ளை-டு' என்று வரிகளே உண்டு. உங்கள் மெயிலுக்கு யார் பதில் போட்டாலும் பொதுவாக இரண்டாவது வரி தானாகச் சேரும். புது மெயில் வருகிறது, நாம் அனுப்பியதற்குப் பதில் மட்டும் வருவதில்லை என்ற வினோதப் புகாருக்கு விடை இதுவாக இருக்கலாம்.

மூன்று, ஸ்பாம் மதிப்பெண். சிபேனலில் ஸ்பாம் பிடிக்கும் மென்பொருளான ஸ்பாம் அசாசின் ஒவ்வொரு மெயிலுக்கும் மதிப்பெண் போடும். வழக்கமான எல்லை 5. எண்ணைக் குறைத்தால் கெடுபிடி கூடும். 'கம்மியா வைச்சா கம்மியா புடிக்கும்' என்று 1 வைத்துவிட்டு, ஆட்டோ டெலீட்டையும் போட்டுவிட்டால் சாதாரண விலைப்பட்டியல் மெயில்கூடத் தாண்டாது. ஆட்டோ டெலீட்டை நிறுத்திவிட்டு ஸ்பாம் பாக்ஸைப் போடுங்கள்; சந்தேக மெயில் தனிப் பெட்டியில் கிடக்கும், பார்த்து எடுத்துக்கொள்ளலாம்.

அவுட்லுக்

கம்ப்யூட்டரில் நிறுவிய பழைய (கிளாசிக்) அவுட்லுக்கில் 'ரூல்ஸ்', 'மேனேஜ் ரூல்ஸ் அண்ட் அலர்ட்ஸ்'. இங்கே வரிசை உண்டு, மேலிருந்து கீழாக ஓடும். மேலே இருக்கும் அகலமான விதி ஒன்றில் 'ஸ்டாப் ப்ராசஸிங் மோர் ரூல்ஸ்' இருந்தால் கீழே நீங்கள் கவனமாக எழுதிய விதிகளுக்கு வேலையே வராது. 'கிளையன்ட் ஒன்லி' என்று குறித்த விதிகள் ஆபீஸ் கம்ப்யூட்டரில் அவுட்லுக் திறந்திருந்தால்தான் ஓடும். ஞாயிற்றுக்கிழமை செல்போனில் பார்த்த மெயில் திங்கட்கிழமை காலை மறைவது அப்படித்தான். 'பெர்மனன்ட்லி டெலீட்' என்ற செயலை எங்கு கண்டாலும் எடுத்துவிடுங்கள். மைக்ரோசாஃப்ட் 365 கணக்கானால் 'ரெக்கவர் டெலீடட் ஐட்டம்ஸ்' வழியாக, வழக்கமான அமைப்பில் 14 நாள் வரை மீட்கலாம்.

ஃபில்டர் இல்லாமலே ஃபில்டர் மாதிரி

செல்போனில் மெயில் வந்து சற்று நேரத்தில் மறைகிறதா? ஆபீஸ் கம்ப்யூட்டர் பாப் முறையில் (மெயிலைக் கம்ப்யூட்டருக்கே இறக்கிக்கொள்ளும் முறை) மெயிலை இழுத்துக்கொண்டு சர்வரில் இருப்பதை அழிக்கிறது என்று பொருள். கணக்கு அமைப்பில் 'லீவ் எ காப்பி ஆஃப் மெசேஜஸ் ஆன் த சர்வர்' டிக் செய்யுங்கள். இன்னும் நல்லது மெயிலைச் சர்வரிலேயே வைத்துப் பார்க்கும் ஐமாப் முறைக்கு மாறுவது. ஜிமெயிலில் 'ஃபார்வர்டிங் அண்ட் பாப்/ஐமாப்' டேபையும் திறங்கள். அங்கே பழைய கணக்கரின் முகவரிக்கு ஃபார்வர்ட் போட்டு, 'டெலீட் ஜிமெயில்ஸ் காப்பி' என்றும் இருந்தால் உங்கள் மெயில் முழுக்க அவர் வீட்டில்தான் இருக்கிறது.

ஜிஎஸ்டி பதிவில் எந்த மெயில் முகவரி கொடுத்திருக்கிறீர்கள் என்பதையும் இந்தச் சாக்கில் பாருங்கள். பதிவான மின்னஞ்சலுக்கு நோட்டீஸ் அனுப்புவதையும் முறையாகச் சேர்ப்பித்ததாக மத்திய ஜிஎஸ்டி சட்டம் 2017-இன் 169-ஆம் பிரிவு ஏற்கிறது. ஃபில்டர் தின்றுவிட்டது என்ற பதில் அங்கே எடுபடுவது கஷ்டம். ஜிஎஸ்டி மெயில் வரும் டொமைனிலிருந்து வருவதற்கு 'நெவர் செண்ட் இட் டு ஸ்பாம்' என்று ஒரு ஃபில்டர் போட்டு வைக்கலாம்.

நீங்கள் போடாத ஃபில்டர் இருந்தால்

வங்கிப் பெயரோ, 'இன்வாய்ஸ்', 'பேமெண்ட்' போன்ற சொல்லோ வந்தால் அழி, அல்லது தெரியாத முகவரிக்கு அனுப்பு என்று, யாரும் போடாத ஒரு விதி பட்டியலில் இருக்கிறதா? கடையில் யாரும் ஒப்புக்கொள்ளவில்லையா? கணக்குக்குள் வெளியாள் நுழைந்திருக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். இது தெரிந்த தந்திரம்: வாடிக்கையாளருக்கு உங்கள் பெயரில் 'பேங்க் அக்கவுண்ட் மாறிடுச்சு' என்று எழுதுவான், அவர் சந்தேகப்பட்டுக் கேட்கும் பதில் உங்கள் கண்ணில் படாதபடி ஃபில்டர் பார்த்துக்கொள்ளும்.

திரையைப் படம் எடுங்கள், பிறகு அந்த விதியை அழியுங்கள். பாஸ்வேர்டை மாற்றுங்கள், இரண்டு படிச் சரிபார்ப்பைப் போடுங்கள், கணக்குடன் இணைந்த சாதனங்களில் தெரியாதவற்றை வெளியேற்றுங்கள், ஃபார்வர்டிங் முகவரியையும் மீட்பு போன் எண்ணையும் பாருங்கள். பணம் நிலுவையில் இருக்கும் வாடிக்கையாளர்களுக்கு மெயிலில் அல்ல, போனில் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐக் கூப்பிடுங்கள்.

மீட்பது

முதலில் தப்பான விதியை நிறுத்துங்கள். பிறகு ஜிமெயில் ட்ராஷில் அந்த விதியின் அதே சொற்களைப் போட்டுத் தேடி, மேலே இருக்கும் கட்டத்தை டிக் செய்யுங்கள். திரையில் இருப்பது மட்டும்தான் தேர்வாகும். 'செலக்ட் ஆல் கான்வர்சேஷன்ஸ்' என்று மேலே ஒரு வரி வந்தால் அதையும் அழுத்தி, 'மூவ் டு', 'இன்பாக்ஸ்'. சொந்த டொமைனில் கூகுள் வொர்க்ஸ்பேஸ் வைத்திருந்தால், ட்ராஷிலிருந்தும் அழிந்த பிறகு 25 நாள் வரை அட்மின் கணக்கிலிருந்து மீட்க வழி உண்டு. சிபேனலில் டிஸ்கார்டு ஆனது கிடைக்காது. அனுப்பியவரிடம்தான் கேட்க வேண்டும். 'இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை எங்களுக்கு அனுப்பியதை மறுபடி அனுப்புங்கள்' என்று தேதியோடு கேளுங்கள். 'சென்ட்' பெட்டியில் தேடி எடுக்க அவர்களுக்குச் சுலபம்.

புதிதாக ஃபில்டர் போடும்போது

இரண்டு வாரம் லேபிள் மட்டும். அழிப்பதும் இல்லை, இன்பாக்ஸைத் தாண்டுவதும் இல்லை. அந்த லேபிளைத் தினமும் ஒரு தடவை திறந்து, தப்பான மெயில் ஏதாவது மாட்டியதா என்று பாருங்கள். ஒன்றுகூட மாட்டவில்லை என்றால் ஸ்கிப் த இன்பாக்ஸைச் சேர்க்கலாம். டெலீட்டை ஃபில்டரிடம் கொடுக்கவே வேண்டாம். மாதம் ஒரு முறை லேபிளைத் திறந்து நீங்களே அழியுங்கள், ஐந்து நிமிட வேலை.

போட்டவுடன் சோதனை உண்டு. உங்கள் கணக்கிலிருந்து உங்களுக்கே அனுப்பிப் பார்த்தால் சரியான முடிவு தெரியாது. வேறொரு நிறுவன மெயிலிலிருந்து மூன்று அனுப்புங்கள். சாதாரணத் தலைப்பில் ஒன்று, தலைப்பிலும் உள்ளேயும் சேலம் என்று ஆங்கிலத்தில் எழுதி ஒன்று, பிடிஎஃப் இணைத்து ஒன்று. மூன்றும் இன்பாக்ஸுக்கு வந்தபின், மூன்றுக்கும் பதில் போட்டு, அந்தப் பதிலுக்கு ஒரு பதிலையும் வாங்குங்கள். எனி ஹெடர் தவறு அந்தக் கடைசிச் சுற்றில்தான் வெளிவரும்.

ஏற்காட்டில் ஹோம்ஸ்டே நடத்துகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. முன்பதிவுத் தளங்கள் சிலவற்றில் விருந்தாளியின் சொந்த முகவரி வராது. ஒவ்வொருவருக்கும் ஒரு இடைமுகவரி வரும். முழு முகவரியை வைத்து ஃபில்டர் எழுதினால் அடுத்த விருந்தாளிக்குப் பயன்படாது. அட் குறிக்குப் பின்னால் இருக்கும் டொமைனை வைத்து எழுதுங்கள், 'நெவர் செண்ட் இட் டு ஸ்பாம்' கொடுங்கள். மே மாதக் கோடை விழாக் கூட்டத்துக்கான விசாரணை முன்கூட்டியே தொடங்கிவிடும் என்பதால், மேலே சொன்ன மூன்று மெயில் சோதனையை மார்ச்சிலேயே செய்துவிடுங்கள்.